ரெண்டு வரனும் பொருந்தலை

எங்கள் ஊர் நெடுங்கரைப்பட்டியில் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு எலெக்‌ஷன் நடந்த அன்று, பாதி ஊருக்கு மேல் ஓட்டுச்சீட்டை வாங்கி, படுதாவுக்குப் பின்னால் போய்ப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, சீட்டை மறுபடி ஆபீசர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தது. பக்கத்து ஊர் குளத்தூரில் இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அதற்குக் காரணமானவர் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா சொர்ணம். அவரைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுவதால், முழுசாகத் தெரிந்த நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் மனம் ஒத்துப் பிரிந்துகொண்டோம். எழுத்தில் குறை இருந்தால் வாத்தியாரைக் கேளுங்கள்.

அத்தைக்கு வேலை கல்யாணம் பேசுவது. தரகர் என்று சொன்னால் கோபம் வரும். மாமா செத்த பிறகு துண்டுக் கடலைக்கொல்லையையும் மகள் செவந்தியையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர், ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போய், அது நல்லபடியாக அமைந்துவிட, அடுத்தவர்கள் கூப்பிட, அப்படியே வளர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் ஒரு சேலை கொடுப்பார்கள். அதற்கு மேல் கொடுத்தால் வாங்க மாட்டார். நல்ல உயரம். குரல் அவருக்கு முன்னால் ஒரு பர்லாங்கு தூரம் போகும். குளத்தூர் ரோட்டில் பஸ்ஸை நிறுத்த மற்றவர்கள் கையைக் காட்டுவார்கள். அத்தை பேசிக்கொண்டு வந்தாலே டிரைவர் நிறுத்திவிடுவார்.

மற்ற ஆட்கள் வரன் பேசுவதற்கும் அத்தை பேசுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் மாப்பிள்ளையை ராசகுமாரன் ஆக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். அத்தை பெண் வீட்டில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முதலில் குறையைச் சொல்வார்.

“மாப்பிள்ளைக்கு எடது காது மந்தம். கோவம் வந்தா தட்டை எறியிற பழக்கம் அவங்க அப்பாவுக்கு உண்டு. இவருக்கு இன்னும் வரலை, வரும். நெலம் ஒண்ணேகால் ஏக்கர்னு சொல்லுவாங்க, அதுல கால் ஏக்கர் வெறும் பாறை. இப்ப நல்லதைக் கேளுங்க.”

இவ்வளவையும் கேட்ட பிறகும் பெண் கொடுப்பார்கள். ஏனென்றால் அத்தை சொன்னதற்கு மேல் புதுக் குறை எதுவும் பின்னால் முளைக்காது. ஆவூர்க் கிறித்தவர்களும் கூப்பிடுவார்கள். அங்கே சாதகம் பார்ப்பது கிடையாது. குறை பார்ப்பது உண்டு.

பிடிக்காத வரனைத் திருப்புவதிலும் அத்தைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சாதகத்தைக் கிழிப்பதோ, பரணில் போட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இழுப்பதோ கூடாது. அதன் ஓரத்தில் மஞ்சள் தடவி, இரண்டு கையாலும் கொடுத்து, “பொருந்தலைங்க” என்று ஒரே வார்த்தை. ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. அவர்களும் வேறு இடம் பார்ப்பார்கள், நாமும் வேறு வரன் பார்க்கலாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்த முறை மனப்பாடம்.

ஊருக்கெல்லாம் பேசி முடித்த அத்தைக்குத் தன் மகளுக்குப் பேச மூன்று வருஷம் ஆயிற்று. காரணம் அதே வாய்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம், “எம் மகளுக்கு மூக்கு மேல கோவம் நிக்கும். சோத்தைக் குழைய வச்சிருவா. காலையில எழுப்புறது கஷ்டம்” என்று ஆரம்பித்துவிடுவார். நல்லதற்கு வருவதற்குள் வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். செவந்தி எனக்கு முறைப்பெண். ஆனால் நாலு வயது மூத்தவள், சின்ன வயதில் என் காதைத் திருகியே வளர்த்தவள். அதனால் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கடைசியில் வந்தது பழனிச்சாமி. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். குறைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “பஸ்ஸுல தெனமும் அம்பது பேரு கோவத்தைப் பாக்குறேன், அயித்தை. அம்பத்தோராவதா இதையும் பாத்துக்குறேன்” என்று சொன்னான். செவந்தி உள்ளே இருந்தபடியே சிரித்தது எனக்குக் கேட்டது. அவள் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

பழனிச்சாமி பெரிய வீட்டுப் பையன். அவன் பெரியப்பாதான் தங்கமுத்து, அப்போது ஊர்ப் பிரசிடெண்டு. இங்கேதான் வண்டி பாறையில் ஏறியது.

எலெக்‌ஷனுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்தத் தங்கமுத்து. ஊருக்குப் பொதுக் கிணறு வெட்ட வந்த பணத்தில் நல்ல கிணறாகத்தான் வெட்டினார். ஆனால் அதைத் தன் தோப்புக்குள் வெட்டிச் சுற்றி வேலியும் போட்டுவிட்டார். தோப்புக் கதவில் ‘இது பொதுக் கிணறு, சாவி பிரசிடெண்டு மடியில்’ என்று யாரோ கரியால் எழுதிப்போட்டார்கள். யார் எழுதியது என்று பெரிய விசாரணை நடந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

இன்னொருவர் நாகராசு, தங்கமுத்துவின் தங்கச்சி புருஷன். புதுக்கோட்டையில் கடலை மண்டி வைத்திருக்கிறார், குடியிருப்பதும் அங்கேதான். வருஷத்துக்கு ஒரு தரம் திருவிழாவுக்கு வந்து, மாலை வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். அந்த மாலை முதலில் யார் கழுத்தில் விழுவது என்பதில்தான் மச்சான்கள் இரண்டு பேருக்கும் தகராறு. ஊருக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூன்றாவதாக யாரும் நிற்கலாம் என்று சட்டம் சொல்லியது. ஆனால் ஊரில் பாதிப் பேர் தங்கமுத்து நிலத்தை விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறார்கள், மீதிப் பேர் நாகராசு மண்டியில் விதைக்கடலை வாங்குகிறார்கள். சட்டம் விதைக்கடலை கொடுக்காது.

தங்கமுத்து ஒரு நாள் அத்தை வீட்டுக்கு வந்தார். கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது.

“சொர்ணம், நீ போகாத வீடு இல்லை. நம்ம சம்பந்தியாகவும் ஆகப் போறோம். வீட்டுக்கு வீடு போயி எனக்காக நாலு வார்த்தை சொல்லிட்டு வா, ஆத்தா.”

“சொல்றேண்ணே. ஆனா எனக்கு ஒரு மாதிரிதான் பேசத் தெரியும்.”

“எந்த மாதிரியும் பேசு. ஒம் பேச்சுக்குத்தான் ஊரே தலையாட்டுதே!”

பாவம், அவர் அத்தை பேசிக் கேட்டதே இல்லை. செவந்திக்குப் பேச வந்தது அவர் தம்பியும் தம்பி பெண்சாதியும்தான்.

அத்தை மறுநாளே கிளம்பினார். முதல் வீடு பிச்சையம்மாள் வீடு. வரன் சொல்லப் போவதுபோலவே உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார்.

“பிச்சை, பெரிய வீட்டு அண்ணனுக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன். மொதல்ல கொறையைக் கேட்டுக்க. பொதுக் கெணத்தைத் தோப்புக்குள்ள வச்சிருக்காரு. கூட்டம் போட்டா அவரே பேசி அவரே கைதட்டுவாரு. ரோட்டுக்கு வந்த சரளைக் கல்லு அவரு மாட்டுக்கொட்டகைத் தரையில கெடக்கு. இப்ப நல்லதைக் கேளு. யாரு வீட்டுல சாவுன்னாலும் மொத ஆளா வந்து நிப்பாரு. குடிக்க மாட்டாரு.”

பிச்சையம்மாள் யோசித்தாள். “இன்னொரு வரன்?”

“நாகராசு. ஊருல இருக்க மாட்டாரு. கரண்டு கொண்டாரேன்னு சொல்றாரு, எந்தக் கம்பத்துல இருந்துன்னு கேட்டா முழிக்கிறாரு. அவரு மண்டித் தராசு எந்தப் பக்கம் சாயும்னு ஒனக்கே தெரியும். நல்லது, யாரையும் வாடா போடான்னு பேச மாட்டாரு.”

“வேற வரனே இல்லையாக்கா?”

“வந்தது இவ்வளவுதான்.”

“அப்ப ரெண்டும் பொருந்தலைன்னு சொல்லிரு.”

அத்தை இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவே இல்லை. பெண் வீட்டார் பொருந்தலை என்றால் அதைப் போய்ச் சொல்வதும் அவர் வேலைதானே. வீடு வீடாகப் போனார். வீடு வீடாக இதே பதில். பெரிய வீட்டையும் விடவில்லை. நேரே சமையல்கட்டுக்குள் போய், தங்கமுத்துவின் தம்பி பெண்சாதி முத்துமாரியம்மாளிடம், அதாவது பழனிச்சாமியின் அம்மாவிடமே, அவர் புருஷனுக்கு மூத்தவரான அந்த வீட்டுப் பெரியவரின் குறைகளை வரிசையாகச் சொன்னார். முத்துமாரியம்மாள் புளி கரைத்துக்கொண்டே கேட்டு, “மூணு விட்டுட்டியே சொர்ணம்” என்றாராம். என்ன மூன்று என்று அத்தை இதுவரை வெளியே சொல்லவில்லை.

பொருந்தலை என்றால் சர்க்கார் வேறு ஆளைக் கொண்டு வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை பரவிற்று. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. வரன் விஷயத்தில் அப்படித்தானே நடக்கிறது. எருமை மேய்க்கும் மூக்கன் மட்டும், “சர்க்காரு என்ன தரகரா, வேற மாப்பிள்ளை கொண்டார?” என்று கேட்டான். அவனுக்கு இன்னும் கல்யாணமாகாததால் அவன் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கதி தங்கமுத்து காதுக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. எலெக்‌ஷனுக்கு முதல் நாள் காலையில் வந்தார். இந்தத் தடவை கட்டிலில் உட்காரவில்லை.

“நல்லாப் பேசியிருக்கே. சாயங்காலத்துக்குள்ள அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போறே. அன்னைக்குச் சொன்னது வெளையாட்டுக்கு, தங்கமுத்துதான் நல்ல ஆளு, அவருக்கே போடுங்கன்னு சொல்றே. இல்லைன்னா மாத்துன வெத்திலை பாக்கு நாளைக்கே திரும்பி வந்துரும். எந் தம்பி எம் பேச்சைத் தாண்ட மாட்டான், தெரியுமில்ல?”

தெரியும். ஊருக்கே தெரியும். பழனிச்சாமி அன்றைக்கு டூட்டியில் திருச்சியில் இருந்தான்.

அவர் போன பிறகு செவந்தி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

“ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஒன் வாய்க்கு லீவு விடக் கூடாதா, ஆத்தா?”

“நான் என்னடி பொய்யா சொன்னேன்?”

“உண்மையச் சொல்லிச் சொல்லி மூணு பேரை வெரட்டினே. நாலாவது ஆளு ஓடாம நின்னாரு. அவரையும் வெரட்டிட்டு என்னைய ஒனக்குத் துணைக்கு வச்சுக்கப் போறியா?”

அத்தை கொல்லைப் பக்கம் போனார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். பொய் சொல்லத்தான் கிளம்பினார். மகளுக்காக அதைச் செய்ய அவர் துணிந்துவிட்டார். இதை நான் மறைக்க மாட்டேன்.

மறுபடியும் பிச்சையம்மாள் வீடு. உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

“பிச்சை, பெரிய வீட்டு அண்ணன் நல்ல ஆளு.”

“சரிக்கா.”

“ரொம்ப நல்ல ஆளு. ஊருக்குன்னு ஒரு கெணறு வெட்டினாரு பாரு...” அங்கேயே வாய் நின்றுவிட்டது. இன்னொரு தரம் ஆரம்பித்தார். “அவரை மாதிரி ஆளு... அந்தச் சரளைக் கல்லு...” மறுபடி நின்றது. நெற்றி வேர்த்துவிட்டது.

பிச்சையம்மாள் பயந்துபோய் விசிறியை எடுத்து வந்தாள். “என்னக்கா ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது வர மாட்டேங்குது, பிச்சை. பிள்ளைக்காகன்னு நெனச்சுப் பாத்தேன். வரவே மாட்டேங்குது.”

எழுந்து வீட்டுக்கு வந்தார். அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. செவந்தி சோறு போட்டாள். குழைந்துதான் இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

ஓட்டுப் போட்டது எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில். உள்ளே சாக்குப் படுதாவுக்குப் பின்னால் இரண்டு பெட்டி. பச்சைப் பெட்டி தங்கமுத்துவுக்கு, வெள்ளைப் பெட்டி நாகராசுவுக்கு. சீட்டை யார் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. வெளியே ஒரு வேப்பமரத்தடியில் தங்கமுத்துவும் தம்பியும், இன்னொரு வேப்பமரத்தடியில் நாகராசுவும் அவர் கூட்டிவந்த புதுக்கோட்டை ஆட்களும். ஆபீசர் சின்ன வயசுக்காரர், புதுச் சட்டை. வேலையும் புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது.

முதலில் ஆண்கள் சிலர் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். பிறகு பிச்சையம்மாள் போனாள். படுதாவுக்குப் பின்னால் போனவள் கையில் சீட்டோடு திரும்பி வந்து, இரண்டு கையாலும் ஆபீசரிடம் நீட்டினாள்.

“பொருந்தலைங்க, ஐயா.”

“என்னம்மா பொருந்தலை? துவாரம் சின்னதா இருக்கா?”

“துவாரம் நல்லா இருக்குங்க. ஆளுதான் பொருந்தலை. ரெண்டும் வேணாமுங்க. வேற ஆளு இருந்தாச் சொல்லிவிடுங்க.”

இரண்டு பக்கத்து ஏஜெண்டுகளும் எழுந்து கத்தினார்கள். “எங்கியாவது ஒண்ணுல போடச் சொல்லுங்க, சார்!” என்று ஒருவர். “கிழிச்சுப் போடுங்க, சார்!” என்று இன்னொருவர்.

பிச்சையம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கிழிக்கிறதாவது! சர்க்காரு மரியாதையாக் கொடுத்துச்சு, நான் மரியாதையாத் திருப்பிக் கொடுக்குறேன். நீங்க யாருய்யா ஊடால?”

ஆபீசர் தலையைச் சொறிந்தார். “கட்டாயப்படுத்த முடியாதுங்க. சீட்டை வெளியே கொண்டுபோகத்தான் கூடாது. திருப்பிக் கொடுத்தா வாங்கிக்கணும்” என்று சொல்லி, வாங்கி, ரத்து என்று எழுதித் தனியாக ஒரு உறையில் வைத்தார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ‘பொருந்தலைங்க’ என்ற சத்தம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். சிலர் கூச்சப்பட்டு, “வீட்டுல பொருந்தலைன்னு சொல்லிட்டாங்க” என்றார்கள். ஆபீசர் ஒரு உறை போதாமல் இன்னொன்று எடுத்தார்.

அத்தை முறை வந்தது. வரிசையில் அவருக்கு அடுத்தாற்போல் முத்துமாரியம்மாள் நின்றார். தங்கமுத்து வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியக்கூடாதுதான். ஆனால் சீட்டு அத்தை கையில் திரும்பி வருகிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு நிமிஷம் பெட்டி முன்னால் நின்று, பச்சையிலே போட்டுவிட்டு வெறும் கையோடு வந்தால் போதும். மகள் கல்யாணம் நடந்துவிடும். வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை.

அத்தை உள்ளே போனார். நேரம் ஆயிற்று. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘போட்டுட்டு வந்துரு அத்தை, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க’ என்று மனசுக்குள் சொன்னேன். செவந்தி தூரத்தில் பள்ளிக்கூடத்துச் சுவரோரமாக நின்றாள்.

படுதா விலகியது. சீட்டு கையில் இருந்தது. முந்தானை முடிச்சிலிருந்து துளி மஞ்சளை எடுத்து அதன் ஓரத்தில் தடவியிருந்தார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

“பொருந்தலைங்க.”

வெளியே வந்ததும் தங்கமுத்து ஊர் கேட்கச் சொன்னார்: “அப்ப நமக்குள்ளயும் பொருந்தலை, சொர்ணம். சம்பந்தம் இத்தோட முடிஞ்சுது. தம்பி, கேட்டுக்க.”

தம்பி தரையைப் பார்த்தார். செவந்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை, “சரிண்ணே” என்றார். குரல் ஒரு பர்லாங்கு போகவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அதற்குள் முத்துமாரியம்மாள் உள்ளே போயிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் பெரியவர் முன்னால் வாய் திறந்து பேசாதவர். படுதாவுக்குப் பின்னால் போனார், வந்தார். சீட்டை ஆபீசரிடம் நீட்டினார். அத்தை பேசுவதில் பாதி சத்தம்கூட இல்லை. ஆனால் அந்த நேரம் யாரும் மூச்சு விடாததால் எல்லோருக்கும் கேட்டது.

“எனக்கும் பொருந்தலைங்க.”

வாசலுக்கு வந்தார். பெரியவரைத் தாண்டினார். புருஷனைத் தாண்டினார். நேரே அத்தையிடம் வந்து கையைப் பிடித்தார்.

“வெயிலா இருக்கு, சம்பந்தி. வாங்க, வீட்டுக்குப் போவோம். மருமக எங்க?”

அத்தை அழுதார். இதைச் சொன்னால் அத்தை இல்லை என்பார். நான் பார்த்தேன். இரண்டு பேரும் செவந்தியை நடுவில் விட்டு நடந்து போனதைப் பள்ளிக்கூடமே பார்த்தது. நான் மட்டும் கண்ணில் தூசி விழுந்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். திரும்பி வந்த சீட்டு, இரண்டு பெட்டியிலும் விழுந்த சீட்டைச் சேர்த்ததைவிடக் கூடுதல். பெட்டிகளுக்குள் பார்த்தால் தங்கமுத்துவுக்கு ஏழு ஓட்டு அதிகம். அவரே பிரசிடெண்டு என்று ஆபீசர் அறிவித்தார். ஊர் கலையாமல் நின்றது.

“அதெல்லாம் சரிங்க, ஐயா,” என்றாள் பிச்சையம்மாள். “வேற ஆளுங்க எப்ப வருவாங்க?”

“வேற ஆளா? அவர்தான் ஜெயிச்சிட்டாரேம்மா.”

“நாங்கதான் வேணாமுன்னு சொன்னமே!”

“வேணாம்னு சொன்னது கணக்குல வராதும்மா. வேணும்னு சொன்னதுதான் வரும்.”

பிச்சையம்மாளுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அப்படின்னா பொண்ணு வீட்டுல வேணாமுன்ன பொறகும் மாப்பிள்ளை தாலி கட்டிட்டாருன்னு சொல்லுங்க!” என்றாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆபீசரும் சிரித்துவிட்டார். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் கழுத்தில் மாலை இருந்தது. நாகராசு சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து தோப்புக் கதவைப் பெண்களே பூட்டை நெம்பித் திறந்துகொண்டு போய்த் தண்ணீர் எடுத்தார்கள். பிரசிடெண்டு பார்த்தார், பேசவில்லை. ஏழு ஓட்டுக்கு எவ்வளவு பேசலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றிலை பாக்கு திரும்பி வரவில்லை. பெரிய வீட்டில் முத்துமாரியம்மாள் அடுப்பைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். நாலாம் நாள் காலையில் தங்கமுத்து அத்தை வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். பின்னால் அவர் தம்பியும், லீவு போட்டுவிட்டு வந்த பழனிச்சாமியும். பழனிச்சாமி பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுவதுபோல் பெரியப்பாவுக்குப் பின்னாலேயே நின்றான். முன்னால் போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

“தையில வச்சுக்குவோம்,” என்றார் தங்கமுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு. “ஆனா ஒண்ணு. நான் இந்த ஊருப் பிரசிடெண்டு. கல்யாணம் எந் தலைமையிலதான் நடக்கணும்.”

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தலைமை தாங்குங்கண்ணே. பேசக் கூடாது.”

தங்கமுத்து தலையாட்டினார்.